ஐரோப்பாவில் பரவிய ஸ்பானிய மொழி அச்சுச் செய்திகள், 1493–1700: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தித்தாளே இல்லாத காலத்தில் "அச்சிட்ட செய்தி" என்று எதைக் குறிப்பிடுகிறோம்?

வாரந்தோறும் வெளிவரும் செய்தித்தாள் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு போரையோ, அரச குடும்பத்துத் திருமணத்தையோ, நிலநடுக்கத்தையோ, புதிதாகக் கண்ட தீவையோ பற்றி மட்டும் சொல்லும் சிறு அச்சுத்தாள்கள் ஸ்பெயினின் நகரங்களில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. அக்காலத்தவர் அவற்றை 'ரெலசியோன்' என்றார்கள்; இன்றைய ஆய்வாளர்கள் 'ரெலசியோனெஸ் தெ சுசெசோஸ்', அதாவது நிகழ்ச்சி விவரங்கள், என்று வகைப்படுத்துகிறார்கள். இவற்றுக்குத் தொடர் எண் கிடையாது, சந்தா கிடையாது, அடுத்தது எப்போது வரும் என்ற உறுதியும் கிடையாது. செய்தி வந்து சேர்ந்தால் தாள் அச்சாகும், அவ்வளவுதான். பத்திரிகை வரலாற்றைப் பருவ இதழ்களிலிருந்து மட்டுமே தொடங்கி எழுதுபவர்கள் ஸ்பெயினைப் பின்தங்கிய நாடு என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த முடிவு தவறானது என்றே நான் கருதுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட மிகப் பெரிய செய்திகளில் பல, முதலில் ஸ்பானிய மொழியில், இத்தகைய ஒற்றைத் தாள்களில்தான் அச்சேறின.

அந்தத் தாள் பார்வைக்கு எப்படி இருந்தது?

அச்சகத்தில் பயன்படும் முழுத்தாள் ஒன்றுதான் கணக்கு. அதைப் 'பிளியேகோ' என்பார்கள். ஒருமுறை மடித்தால் 4 பக்கம், இருமுறை மடித்தால் 8 பக்கம். அட்டை கிடையாது. முதல் பக்கத்தின் பெரும்பகுதியைத் தலைப்பே அடைத்துக்கொள்ளும். எந்த நாள், எந்த ஊர், யார் வென்றார், எத்தனை கப்பல் பிடிபட்டன, இதை யார் யாருக்குக் கடிதமாக எழுதினார் என்பதெல்லாம் தலைப்பிலேயே வந்துவிடும். தாளை வாங்காமல் கடையில் நின்று பார்ப்பவருக்குக்கூடச் செய்தி என்னவென்று தெரிந்துவிடும். 'உண்மையான' என்ற அடைமொழி தலைப்பில் அடிக்கடி இடம்பெறும். அதன் கீழே மரக்கட்டையில் செதுக்கிய படம் ஒன்று: கப்பல், குதிரைவீரன், அரச முத்திரை. கட்டை செதுக்கச் செலவாகும் என்பதால், வேறு எந்த நூலுக்கோ செதுக்கிய கட்டையையே அச்சகத்தார் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். கடைசியில் அனுமதி பெற்றதற்கான வரியும், அச்சிட்டவர் பெயரும், ஊரும், ஆண்டும் இருக்கும். பல தாள்களில் அவையும் இருப்பதில்லை.

அச்சகத்தாருக்கு இதில் நல்ல வரும்படி இருந்தது. ஒரு பெரிய நூலை அச்சிட மாதக்கணக்கில் காகிதத்தில் பணம் முடங்கிக் கிடக்கும். இந்தச் செய்தி அச்சுத்தாளோ இன்று எழுத்துக் கோத்து, நாளை அச்சிட்டு, அந்த வாரத்திலேயே விற்றுத் தீர்ந்துவிடும். நூல் வேலைக்கு நடுவே கைக்குக் காசு கொண்டுவந்தவை இந்தத் தாள்கள்தாம்.

இவ்வகை அச்சின் முதல் பெரிய எடுத்துக்காட்டு எது?

கொலம்பஸின் கடிதம். முதற்பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1493 பிப்ரவரி 15 என்ற தேதியிட்டு, அரச நிதி அதிகாரியான லூயிஸ் தெ சாந்தான்ஹெலுக்கு எழுதப்பட்டதாக அமைந்த அக்கடிதம், அதே ஆண்டு பார்சிலோனாவில் ஸ்பானிய மொழியில் அச்சானது. இரண்டே ஏடுகள், நான்கு பக்கங்கள். அச்சகத்தார் பெயரோ தேதியோ அதில் இல்லை. எழுத்துருக்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது பெத்ரோ போசாவின் அச்சகத்துப் பணி என்று கணித்திருக்கிறார்கள். அந்தப் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

ஐரோப்பா அந்தச் செய்தியைப் பெரும்பாலும் அறிந்துகொண்டது லத்தீன் வடிவத்தின் வழியாகத்தான். லெயாந்த்ரோ தெ கோஸ்கோ என்பவர் 1493 ஏப்ரல் 29 அன்று முடித்த மொழிபெயர்ப்பை ரோமில் ஸ்தெஃபான் பிளாங்க் அச்சிட்டார். பாசெல், பாரிஸ், ஆண்ட்வெர்ப் நகரங்களில் அது விரைவில் மறுபதிப்புக் கண்டது. ஃபுளோரன்சைச் சேர்ந்த ஜூலியானோ தாத்தி அதை இத்தாலிய மொழியில் பாட்டாகவே பாடிவிட்டார். 1497இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜெர்மன் வடிவம் வந்தது.

ஒவ்வொரு கை மாறும்போதும் செய்தி சற்றே உருமாறியதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். ரோமில் வந்த முதல் லத்தீன் பதிப்பு, கொலம்பஸை அனுப்பியவர் அரசர் ஃபெர்தினாந்து என்று மட்டும் சொல்லி, அரசி இசபெல்லாவை விட்டுவிட்டது. பின்வந்த பதிப்புதான் அரசியின் பெயரைச் சேர்த்தது. கடிதத்தைப் பெற்றவர் பெயரும் லத்தீனில் வேறொரு அதிகாரியின் பெயராக மாறி, அதுவும் பிழையாகவே அச்சானது. பாசெல் பதிப்பில் தீவுக்கு அருகே துடுப்புகள் கொண்ட மத்தியதரைக்கடல் கலம் ஒன்று நிற்கும் படம் இருக்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்த கொலம்பஸின் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். ஓவியருக்குத் தெரிந்த கப்பல் அதுவாக இருந்தது.

செய்தி ஊர்விட்டு ஊர் எவ்வளவு வேகத்தில் சென்றது?

குதிரையும் பாய்மரமும் செல்லும் வேகத்தில். ஐரோப்பாவின் அரச அஞ்சலை நடத்திய தாக்சிஸ் குடும்பம் 1505இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரஸ்ஸல்ஸிலிருந்து புறப்படும் கடிதம் கோடையில் 12 நாளிலும் குளிர்காலத்தில் 14 நாளிலும் தொலேதோவைச் சேர வேண்டும். கிரனாதாவுக்கு 15 நாள், குளிர்காலத்தில் 18 நாள். வழியெங்கும் குதிரை மாற்றும் நிலையங்கள் இருந்தால்தான் இது நடக்கும். அரசருக்காக அமைத்த அந்தப் பாதையிலேயே வணிகர்களின் கடிதங்களும் செய்தி எழுதுபவர்களின் கடிதங்களும் பயணப்பட்டன. அச்சகத்தார் அச்சிட்டது பெரும்பாலும் அந்தக் கடிதங்களைத்தான். ஆகவே அஞ்சல் பாதை எங்கே சென்றதோ அங்கே அச்சுச் செய்தியும் தழைத்தது.

ஸ்பெயினும் வெனிஸும் சேர்ந்து உதுமானியக் கப்பற்படையை வென்ற லெபாந்தோ கடற்போர் இதற்கு நல்ல சான்று. போர் நடந்தது 1571 அக்டோபர் 7. வெனிஸ் அரசு அதை அதே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அறிந்தது. மாட்ரிட்டில் இருந்த ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்புக்கு அக்டோபர் 31 அன்று செய்தி எட்டியது. அதைக் கொண்டுவந்தவரோ வெனிஸின் தூதர். கப்பற்படையின் தலைவரும் அரசரின் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரருமான தொன் ஹுவான் அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தது நவம்பரின் பிற்பகுதியில்தான். அரசருக்கே இந்த நிலை என்றால், செவில்லாவின் அச்சகத்தார் முதலில் கிடைத்த கடிதத்தைப் பற்றிக்கொண்டு அச்சிட்டதில் வியப்பில்லை. அப்போரைப் பற்றிய தாள்கள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஏராளமாக வெளிவந்தன. கவிஞர் ஃபெர்னாந்தோ தெ ஹெர்ரேரா 1572இல் செவில்லாவில் வெளியிட்ட விரிவான வரலாறு வரைக்கும் அந்த ஆர்வம் நீடித்தது.

செவில்லா நகரம் ஏன் இவ்வளவு முக்கியமானது?

1503இல் அங்கே அமைந்த வணிக அவை, அமெரிக்கக் கண்டத்தோடு நடந்த கப்பல் போக்குவரத்து முழுவதையும் கண்காணித்தது. மறுகரையின் செய்தி ஐரோப்பாவில் முதலில் கால்வைக்கும் இடம் அதுவே. அந்த நகரில் யாகோபோ குரோம்பெர்கர் என்ற ஜெர்மானியர் நடத்திய அச்சகம் ஸ்பெயினின் தலைசிறந்த அச்சகங்களில் ஒன்றாக வளர்ந்தது.

மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியப் படைத்தலைவர் ஹெர்னான் கோர்த்தெஸ் அங்கிருந்து அரசருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை 1522 நவம்பர் 8 அன்று குரோம்பெர்கர் அச்சிட்டு முடித்தார். இந்தப் பதிப்பின் கடைசிப் பகுதியைச் செய்தி வரலாற்றில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கோர்த்தெஸ் அக்கடிதத்தை எழுதிய 1520 அக்டோபரில், அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அச்சாகும்போதோ அந்நகரை ஸ்பானியர் பிடித்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இரண்டு ஆண்டு பழைய கடிதத்தை அப்படியே விற்காமல், கடந்த மார்ச்சில் புதிய செய்தி வந்ததென்றும், நகரம் வீழ்ந்துவிட்டதென்றும் ஒரு குறிப்பை இறுதியில் சேர்த்து அச்சிட்டார்கள். பிந்திய செய்தியைச் சேர்க்கும் பத்திரிகைக்காரரின் பழக்கம் அந்தச் சில வரிகளில் முழுமையாக இருக்கிறது. இரண்டே மாதத்துக்குள், 1523 ஜனவரியில், சரகோசாவில் அக்கடிதம் மறுபதிப்பானது; 1524இல் நியூரம்பெர்கில் லத்தீன் வடிவம், தெனோச்தித்லான் நகரத்தின் வரைபடத்தோடு வெளிவந்தது.

குரோம்பெர்கர் குடும்பம் கடலுக்கு அப்பாலும் சென்றது. யாகோபோவின் மகன் ஹுவான் குரோம்பெர்கர் 1539இல் ஹுவான் பாப்லோஸ் என்ற இத்தாலிய அச்சாளரை மெக்சிகோவுக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்கக் கண்டத்தின் முதல் அச்சகம் அது. 1541 செப்டம்பரில் குவாத்தமாலா நகரத்தை அழித்த வெள்ளத்தையும் மண்சரிவையும் பற்றிய செய்தி அச்சுத்தாள் அங்கே அதே ஆண்டில் அச்சானது.

ஸ்பெயினுக்கு வெளியே ஸ்பானிய மொழியில் யார் வாசித்தார்கள்?

மூன்று வகையினர் வாசித்தார்கள். முதலாவது, ஸ்பானிய அரசின் ஆட்சிக்குட்பட்ட நிலங்களில் பணியாற்றியவர்கள்: நேப்பிள்ஸ், மிலான், ஃபிளாண்டர்ஸ் ஆகிய இடங்களில் இருந்த அதிகாரிகள், படைவீரர்கள், பாதிரியார்கள். அங்கெல்லாம் ஸ்பானிய மொழியிலேயே அச்சு நடந்தது. வெசுவியஸ் எரிமலை 1631 டிசம்பரில் வெடித்தபோது நேப்பிள்ஸில் இத்தாலியத் தாள்களோடு ஸ்பானியத் தாள்களும் வெளிவந்ததை இங்கே குறிப்பிடலாம். இரண்டாவது, அந்த மொழியை விரும்பிக் கற்ற உள்ளூர் மேன்மக்கள். இத்தாலியில் ஆண்களும் பெண்களும் ஸ்பானியம் பேசுவதை நாகரிகமாகக் கருதினார்கள் என்று நேப்பிள்ஸில் வாழ்ந்த ஹுவான் தெ வால்தெஸ் 1535 வாக்கில் எழுதினார்.

மூன்றாவது வகையினரின் கதை என்னை மிகவும் பாதிக்கிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் துரத்திய யூதர்களின் வழித்தோன்றல்கள் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, தங்களைத் துரத்திய நாட்டின் மொழியையே வீட்டிலும் வணிகத்திலும் காத்துவந்தார்கள். அவர்களுக்காக தாவித் தெ காஸ்த்ரோ தார்த்தாஸ் என்ற அச்சாளர் 1672 முதல் 'கசேத்தா தெ ஆம்ஸ்டர்டாம்' என்ற ஸ்பானிய மொழி இதழை அச்சிட்டார். இவருடைய சகோதரர் இசாக், 1647இல் லிஸ்பனில் மதவிசாரணை மன்றத்தின் தீர்ப்பால் எரித்துக் கொல்லப்பட்டவர். அந்த இதழைப் புரட்டினால் சமயப் பூசலோ சமூகச் செய்தியோ அதிகம் தென்படாது. போர், கப்பல் வருகை, ஐரோப்பியத் தலைநகரங்களின் அரசியல் ஆகியவையே நிறைந்திருக்கும். கடல் வணிகத்தில் பணம் போட்டவர்களுக்கு வேண்டியது அதுதான்.

பிற மொழிகளுக்கு இச்செய்திகள் எப்படிச் சென்றன?

மறுபதிப்பாலும் மொழிபெயர்ப்பாலும். காப்புரிமை எல்லை தாண்டிச் செல்லாத காலம் அது. ஒரு நாட்டில் வந்த தாளை இன்னொரு நாட்டின் அச்சகத்தார் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். தென்கடலில் பெருநிலம் இருப்பதாக நம்பிய கடலோடி பெத்ரோ ஃபெர்னாந்தெஸ் தெ கிரோஸின் கதை இதைத் தெளிவாக்கும். மீண்டும் ஒரு பயணத்துக்கு உதவி வேண்டி அவர் அரசருக்கு விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று 1610இல் பம்ப்லோனாவில் மறுபதிப்பானது. எதிரி நாடுகளுக்கு இரகசியம் போய்விடும் என்று அஞ்சிய அரசு, பரப்பிய பிரதிகளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட்டது. 1612இல் அது ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் வெளிவந்தது. 1617இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நாலு பேர் கையில் சேர்ந்த அச்சுத்தாளைத் திரும்ப வாங்க எந்த அரசாலும் முடியவில்லை.

அரசே விரும்பிப் பரப்பிய செய்திகளும் உண்டு. இங்கிலாந்தின் இளவரசர் சார்லஸ், ஸ்பானிய இளவரசியை மணக்க விரும்பி, 1623 மார்ச்சில் பெயரை மாற்றிக்கொண்டு மாட்ரிட் வந்து இறங்கினார். அவருக்கு அளித்த வரவேற்பு, குதிரை விளையாட்டு, ஊர்வலம் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தாளாக அச்சாகி, சில லண்டனிலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. திருமணம் நடக்கவில்லை, செப்டம்பரில் இளவரசர் திரும்பிச் சென்றார்.

தமிழ்நாட்டுக் கடற்கரையைப் பற்றி அக்கால ஐரோப்பிய அச்சில் ஏதேனும் வந்ததா?

வந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தம் சபையினருக்கு எழுதிய கடிதம், 1545இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டது. செபங்களை உள்ளூர் மொழியில் பெயர்த்து மனப்பாடம் செய்து மக்களுக்குக் கற்பித்ததை அதில் அவர் விவரிக்கிறார். அவர் குறிப்பிடும் மொழி நம் தமிழ்தான். இயேசு சபைக் கடிதங்கள் பின்னர் ஸ்பானிய மொழியிலும் தொகுப்புகளாக வெளிவந்தன.

இச்செய்திகளை எவ்வளவு நம்பலாம்?

ஒவ்வொரு தாளையும் அது யாருடைய கடிதத்திலிருந்து வந்தது என்று பார்த்தே நம்ப வேண்டும். 1588ஆம் ஆண்டின் அர்மதா நிகழ்ச்சியை விடக் கடுமையான பாடம் இதற்கு இல்லை.

இங்கிலாந்தின் மீது ஸ்பெயின் அனுப்பிய பெருங்கப்பற்படை ஆங்கிலக் கால்வாயில் போரிட்டுக்கொண்டிருந்த நாட்களில், பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு வந்த மீனவர்களும் மாலுமிகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாரிசில் ஸ்பானியத் தூதராக இருந்த பெர்னார்தினோ தெ மெந்தோசா, அவற்றுள் தம் பக்கம் வென்றதாகச் சொன்னவற்றை நம்பி, மாட்ரிட்டுக்கு எழுதியதோடு அச்சிட்டும் பரப்பினார். பிரான்சின் மன்னர் மூன்றாம் ஹென்றியிடம் வெற்றியைச் சொல்லச் சென்றபோது, கலே நகரின் ஆளுநர் எழுதிய முற்றிலும் மாறான கடிதத்தை மன்னர் எடுத்துக் காட்டினார். ஆனால் தாள்கள் அதற்குள் புறப்பட்டுவிட்டன. செவில்லாவில் செப்டம்பர் மாதத்திலும்கூட வெற்றிச் செய்தி அச்சாகிக்கொண்டிருந்தது; கப்பல்களோ அந்நேரம் அயர்லாந்துக் கரையில் உடைந்துகொண்டிருந்தன.

ஆங்கிலேய அரசு இதைக் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. 'ஸ்பானியப் பொய் மூட்டை' என்ற பொருள்படும் தலைப்போடு 1588இலேயே லண்டனில் ஒரு பிரசுரம் வெளிவந்தது. ஸ்பானியத் தாள்களில் வந்த செய்திகளை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, அதற்கு எதிரே மறுப்பையும் அச்சிட்டிருந்தார்கள். மெந்தோசாவுக்கு எழுதிய கடிதம் போலவே ஒரு பிரசுரத்தையும் அமைச்சர் பர்லி தாமே எழுதி வெளியிட்டார். ஸ்பெயினின் தாள் எதிரியின் கைக்குப் போய், எதிரியின் ஆயுதமாகத் திரும்பி வந்தது.

இதற்காக மெந்தோசாவைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தி தாமதமாகவும் துண்டு துண்டாகவும் வரும் உலகில், முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும், வெற்றி வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்தால், கிடைத்த பத்துக் கடிதங்களில் நமக்குப் பிடித்த இரண்டே கண்ணில் படும்.

இவற்றை எழுதியவர்கள் யார்?

பெரும்பாலான தாள்களில் எழுதியவர் பெயர் இல்லை. படைத்தலைவர், பாதிரியார், அரச எழுத்தர், தூதரகப் பணியாளர் எழுதிய கடிதமே சற்றுத் திருத்தி அச்சாகும். பெயர் தெரிந்தவர்களுள் முதன்மையானவர் அந்த்ரெஸ் தெ அல்மன்சா இ மெந்தோசா. நான்காம் பிலிப் அரியணை ஏறிய 1621 முதல் மாட்ரிட் அரண்மனைச் செய்திகளைக் கடிதங்களாக எழுதித் தொடர்ந்து அச்சிட்டார். செவில்லா உள்ளிட்ட பிற நகரங்களில் அவை மறுபதிப்பாயின. பதவி நியமனம், மரணதண்டனை, விழா, போர் என்று எல்லாம் கலந்து வரும் அக்கடிதங்கள், பருவ இதழுக்கு மிக அருகே வந்துவிட்டவை. அவரை ஸ்பெயினின் முதல் பத்திரிகையாளர் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பெயருக்கு அவர் தகுதியானவரே.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தி எப்படிச் சென்றது?

காது வழியாக. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடிநின்று கேட்பது அன்றாட வழக்கம். பார்வையற்ற பாடகர்கள் தாள்களைத் தெருவில் பாடியும் கூவியும் விற்றார்கள். ஆகவே பல நிகழ்ச்சிகள் செய்யுளாகவும் அச்சாயின. மாட்ரிட்டில் சான் ஃபெலிப்பே மடத்தின் முன்படிகளும் செவில்லாவில் பேராலயத்தின் படிகளும் மக்கள் கூடிச் செய்தி பேசும் இடங்களாகப் பெயர் பெற்றிருந்தன.

அரசின் கட்டுப்பாடு எப்படி இருந்தது?

சட்டம் கடுமையானது, நடைமுறை சீராக இல்லை. 1502இலேயே அச்சிடுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 'கத்தோலிக்க அரசர்கள்' எனப்பட்ட ஃபெர்தினாந்தும் இசபெல்லாவும் ஆணையிட்டார்கள். 1558 செப்டம்பர் 7 அன்று வல்லடோலிடில் பிறந்த சட்டம், அனுமதியின்றி அச்சிடுவோருக்கு மரணதண்டனையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. எனினும் அச்சட்டத்தின் கவனம் பெரும்பாலும் நூல்களின்மேல் இருந்தது. நான்கு பக்கத் தாள்களுக்கு உள்ளூர் அதிகாரியின் ஒப்புதலே போதும் என்ற நிலை நீண்டகாலம் நிலவியது. 1627 ஜூன் 13 அன்று நான்காம் பிலிப் வெளியிட்ட ஆணை இந்த இடைவெளியை அடைத்தது: நிகழ்ச்சி விவரம், கடிதம், கசேத்தா எனப்படும் செய்தி இதழ், செய்தி எதுவாயினும், சில வரிகளே ஆனாலும், அனுமதி தேவை என்று அது பெயர் சொல்லிக் கட்டளையிட்டது. தாள்களின் பரவலும் செல்வாக்கும் அரசைக் கவலைப்படுத்தும் அளவுக்கு வளர்ந்திருந்ததை அந்த ஆணையே காட்டுகிறது. தனி ஒருவரைக் குறிவைத்த தடைகளும் உண்டு. கோர்த்தெஸின் கடிதங்களை அச்சிடுவதை 1527இல் அரசு தடுத்தது.

அச்சு வந்தபின் கையெழுத்துச் செய்தி மறைந்துவிட்டதா?

இல்லை, வளர்ந்தது. அச்சில் சொல்ல முடியாததைக் கையெழுத்தில் சொல்லலாம். அதற்கு அனுமதி தேவையில்லை. ஹோசே பெல்லிசெர் 1639 முதல் 1644 வரையிலும், ஹெரோனிமோ தெ பாரியோனுவேவோ 1654 முதல் 1658 வரையிலும் மாட்ரிட்டிலிருந்து எழுதிய செய்தி மடல்கள் புகழ்பெற்றவை. அரசரின் கடன், அமைச்சரின் பிழை, சந்தையில் பண்டத் தட்டுப்பாடு என்று அச்சில் வராத பலவும் அவற்றில் கிடைக்கும். 1634க்கும் 1648க்கும் இடையே இயேசு சபையினர் பலர் செவில்லாவில் இருந்த ரஃபேல் பெரேய்ரா என்ற பாதிரியாருக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பினார்கள். அவருடைய கட்டுகளில் கையெழுத்துக் கடிதங்களும் அச்சுத்தாள்களும் கலந்தே கிடந்தன. இரண்டையும் தனித்தனி உலகங்களாகப் பிரித்துப் படிப்பது அக்கால வாசகரின் பழக்கத்துக்கு மாறானது.

பருவ இதழ் ஸ்பெயினுக்கு ஏன் தாமதமாக வந்தது?

ஸ்ட்ராஸ்பூர்கில் 1605இலும், ஆம்ஸ்டர்டாமில் 1618 வாக்கிலும், பாரிசில் 1631இலும் பருவ இதழ்கள் தொடங்கிவிட்டன. ஸ்பெயினில் செய்திக்கோ வாசகருக்கோ குறைவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் தனி அனுமதி பெறவேண்டிய சட்டம், குறித்த நாளில் வெளியிட வேண்டிய இதழுக்குப் பெருந்தடை. அத்தோடு, ஒற்றைத் தாள்களும் கையெழுத்து மடல்களும் வாசகரின் தேவையை ஏற்கெனவே நிறைவேற்றிக்கொண்டிருந்தன. இந்த இரண்டாவது காரணமே வலுவானது என்பது என் எண்ணம். ஐபீரியத் தீபகற்பத்தில் 'கசேத்தா' என்ற பெயரோடு அச்சு முதலில் வலுப்பெற்றதும் மாட்ரிட்டுக்கு எதிராக எழுந்த இடங்களில்தான்: 1641இல் பார்சிலோனாவில் பிரெஞ்சு இதழைத் தழுவிய கத்தலான் மொழித் தாளும், லிஸ்பனில் போர்ச்சுகீசிய இதழும் வெளிவந்தன.

மாட்ரிட்டின் முறை 1661இல் வந்தது. நான்காம் பிலிப்பின் மகனும் படைத்தலைவருமான ஹுவான் ஹோசே தெ ஆஸ்திரியாவின் ஆதரவில், பெசான்சோனைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ ஃபாப்ரோ பிரெமுந்தான் தொகுத்த மாத இதழை ஹூலியான் தெ பரேதெஸ் அச்சிட்டார். அதன் முதல் இதழ் தன்னை 'ரெலசியோன் அல்லது கசேத்தா' என்றே அழைத்துக்கொண்டது. பழைய வாசகரை விட்டுவிடாமல் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்த அது உதவியிருக்கும். செவில்லாவில் ஹுவான் கோமெஸ் தெ பிளாஸ் அதே ஆண்டில் அதை மறுபதிப்புச் செய்யத் தொடங்கினார். புரவலரின் அரசியல் ஏற்றத்தாழ்வோடு இதழும் நின்று, 1677இல் அவர் அதிகாரத்துக்கு வந்தபோது மீண்டும் எழுந்தது. 1697 முதல் 'கசேத்தா தெ மாட்ரிட்' என்ற பெயர் நிலைத்தது. ஸ்பானிய அரசின் இன்றைய அதிகாரபூர்வ அரசிதழ் தன் மரபை அதிலிருந்தே கணக்கிடுகிறது. அதே காலத்தில் பிரஸ்ஸல்ஸில் அச்சான ஸ்பானிய மொழிச் செய்தி இதழ், சான் செபாஸ்தியானில் மறுபதிப்பாகி ஸ்பெயினுக்குள் வந்துகொண்டிருந்தது.

இத்தனை மலிவான தாள்கள் எப்படித் தப்பிப் பிழைத்தன?

பெரும்பகுதி பிழைக்கவில்லை. வாசித்தபின் பொட்டலம் கட்டவும் அட்டைக்குள் திணிக்கவும் போய்விட்டன. எஞ்சியவை, யாரோ ஒருவர் சேர்த்து வைத்ததால் எஞ்சியவை. அவர்களுள் கொலம்பஸின் மகன் ஃபெர்னாந்தோ கொலோனுக்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பெரிய நூல்களோடு சிறு தாள்களையும் விடாமல் வாங்கினார். ஒவ்வொன்றிலும் எந்த ஊரில், எந்த மாதம், என்ன விலைக்கு வாங்கினார் என்றும், அந்த ஊர்க் காசு பொன் டுகாட்டுக்கு எத்தனை என்றும் தம் கையாலேயே எழுதிவைத்தார். தமக்குப் பின் நூலகத்துக்கு வாங்கும்போதும் சிறு அச்சுகளைத் தவறவிடக் கூடாது என்று அறிவுறுத்தினார். அவர் 1539இல் மறைந்தபின் அந்தத் தொகுப்பு செவில்லாப் பேராலயத்தின் பொறுப்பில் சேர்ந்தது. பாதிக்கு மேல் அழிந்தும், எஞ்சியது இன்றும் அங்கே இருக்கிறது. ஒரு செய்தி அச்சுத்தாள் அச்சான ஊருக்கும் விற்ற ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சான்று வேறு எங்கும் கிடைப்பது அரிது.

இன்று இவற்றை எங்கே பார்க்கலாம்?

மாட்ரிட்டின் தேசிய நூலகத்திலும் வரலாற்றுக் கழகத்திலும் பெருந்தொகுப்புகள் உள்ளன. பின்னதில் இயேசு சபையினர் சேர்த்த கட்டுகள் குறிப்பிடத்தக்கவை. லிஸ்பன், பாரிஸ், லண்டன், மிலான் நூலகங்களிலும் பல உண்டு. கொலம்பஸ் கடிதத்தின் வல்லடோலிட் பதிப்புக்கு எஞ்சிய ஒரே பிரதி மிலானின் அம்ப்ரோசியானா நூலகத்தில்தான் கிடைத்தது. தனித்தாள்களாக உலகெங்கும் சிதறிக் கிடப்பவற்றை ஒரே பட்டியலில் சேர்க்கும் பணியை ஸ்பெயினின் லா கொருன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கொண்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஊர், ஆண்டு, அச்சகத்தார் என்று தேடலாம். பலவற்றுக்கு முழுப் பக்கப் படங்களும் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் 1623இன் மாட்ரிட் தாள்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு தாள்கள் எப்படிச் சொல்கின்றன என்று அடுத்தடுத்து வைத்துப் படிக்க அந்த ஆண்டில் போதிய அளவு இருக்கிறது.